இயந்திரமே எல்லாம் செய்தால் ஆளுக்கு என்ன வேலை?

கேள்வி: கல்லூரியில் விரல் பருமனுள்ள கண்ணாடிக் குழாயில் புரதம் பிரிக்கிறோம். மருந்துத் தொழிற்சாலையில் இதைத் தானியங்கி குரோமட்டோகிராஃபி (கலவையிலிருந்து பொருள்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் முறை) இயந்திரமே செய்கிறதாமே. அங்கே ஆளுக்கு என்ன வேலை? – பயோடெக் மாணவி

பதில்: நிறைய இருக்கிறதம்மா. ஆன்டிபாடி மருந்துத் தயாரிப்பில் பதினோரு வருடம் இருந்தவன் நான். பஃபர் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) மாற்றுவது, 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் புரதம் வருவதைக் கண்டு சேகரிப்பது எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். ஆனால் உங்கள் குழாய்க்குப் பதில் அங்கே இருக்கும் பெரிய உருளையில், ரெசின் (புரதத்தைப் பிரித்துத் தரும் நுண்மணிகள்) சீராக நிரம்பியிருக்கிறதா என்பது நம் பொறுப்பு. உற்பத்தி கூடினால் உருளையின் அகலத்தைத்தான் கூட்டுவோம். ரெசின் உயரம் அதே 20 செ.மீ. அளவில் இருக்கும், ஓட்ட வேகமும் மாறாது.

ஒருமுறை பஃபர் டேங்க் மாற்றும்போது காற்று புகுந்துவிட்டது. சென்சார் பம்பை நிறுத்தியது. அப்புறம் பார்த்தால், ரெசின் ஓரத்தில் மயிரிழை அளவு விரிசல். கொஞ்சம் உப்புக் கரைசலை உள்ளே விட்டுப் பார்த்தோம். வெளியே வரும் கரைசலின் மின் கடத்துதிறன் வரைபடத்தில் ஒன்றாக வரவேண்டிய முகடு இரண்டாகப் பிளந்திருந்தது; விரிசல் வழியே கொஞ்சம் உப்பு முந்தி ஓடியிருக்கிறது என்று அர்த்தம். சரி என்று எல்லா ரெசினையும் எடுத்து, மறுபடி நிரப்பினோம். இரவு முழுக்க வேலை.

உங்கள் சின்னக் குழாயிலும் இந்த உப்புச் சோதனையைச் செய்து பாருங்கள்.