மருந்து பிடித்துவிட்டதா? உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள்

கை அறுவை சிகிச்சைக்கு முன் போடும் மரப்பு ஊசி பற்றி, மயக்க மருத்துவரான எனக்கு வந்த கேள்விகளில் சில.

மணிக்கட்டு முறிவுக்காகக் காரை எலும்புக்கு மேலே ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மருத்துவர் என் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறித் தொட்டுவிட்டு, "சரி, வேலை செய்யுது" என்றார். எனக்கோ வலி அப்படியே இருந்தது. அவருக்கு எப்படித் தெரிந்தது?

சூட்டை வைத்துத்தான். ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்பு இழைகள் மிக மெல்லியவை. மருந்துக்கு முதலில் மடங்குபவை அவைதான். அவை ஓய்ந்ததும் குழாய்கள் விரிந்து, உள்ளங்கை சூடாகி, வியர்வை காய்ந்து, புறங்கையில் ரத்தக் குழாய்கள் புடைக்கும். வலி அடங்குவது அதற்கு அப்புறம்தான்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சிலவற்றில் 'பெர்ஃப்யூஷன் இண்டெக்ஸ்' என்று ஓர் எண் வரும். துடிக்கும் ரத்த ஓட்டத்தின் அளவு அது. ஊசிக்கு முன் 1.5 இருந்தது பத்து நிமிடத்தில் 4 ஆனால் எனக்கு நிம்மதி. ஆனால் முதலிலிருந்தே சூடாக இருக்கும் கையில் எண் பெரிதாக ஏறாது. கை சூடாகவில்லை என்றால் நான் கவலைப்படுவேன். சூடாகிவிட்டது என்பதற்காக மட்டும் கத்தியை எடுக்கச் சொல்லமாட்டேன்.

வேறு எப்படிச் சோதிப்பீர்கள்?

கைக்குப் போகும் நான்கு முக்கிய நரம்புகளையும் தனித்தனியாக. முழங்கையை மடக்கச் சொல்வேன், நீட்டச் சொல்வேன். ஆட்காட்டி விரலின் அடியில் கிள்ளுவேன், சுண்டுவிரலின் அடியில் கிள்ளுவேன். ஸ்பிரிட் பஞ்சு ஜில்லென்று இருக்கிறதா என்றும் பார்ப்பேன். "வலிக்குதா?" என்று கேட்டால் பயத்தில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "அந்தக் கை மாதிரியே இருக்கா?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

அறுவையின்போது தொடுவதும் இழுப்பதும் தெரிந்ததே, பாதிதான் மரத்ததா?

இல்லை. தொடுவதையும் அழுத்துவதையும் உணர்த்தும் இழைகள் தடிமனானவை, கடைசிவரை தாக்குப்பிடிக்கும். வலித்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

என் அக்காவுக்குக் கழுத்துப் பக்கம் ஊசி போட்டு அரை மணி நேரமாகியும் சுண்டுவிரல் மரக்கவில்லை. தவறா?

எந்த அறுவை என்பதைப் பொறுத்தது. கழுத்தில் போடும் ஊசி, கைக்குப் போகும் நரம்புப் பின்னலின் கீழ்க்கிளைக்குப் பல நேரம் எட்டாது. தோள் அறுவைக்கு அதனால் நஷ்டமில்லை. விரல் அறுவை என்றால் விடுபட்ட நரம்புக்கு மட்டும் முழங்கையருகே இன்னொரு சின்ன ஊசி போடலாம். மரப்பு மருந்துகளில் லிக்னோகெய்னுக்கு 10 முதல் 20 நிமிடம், புபிவகெய்னுக்கு அரை மணி என்று காத்திருந்து பார்த்த பிறகே அந்த முடிவு. பாதித் தோல்விகள் அவசரத்தால் வருபவை என்பது என் எண்ணம்.

ஊசி போடும்போதே கணிக்க முடியாதா?

1911-ல் ஜெர்மானிய மருத்துவர் குலென்காம்ப் தன் காரை எலும்புக்கு மேலே தானே குத்திப் பார்த்தார். ஊசி நுனி பட்டு விரல் வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தால் சரியான இடம் என்று கணக்கு. இன்று அல்ட்ராசவுண்டில் மருந்து நரம்பைச் சுற்றிப் பரவுவதைக் கண்ணாலேயே பார்க்கிறோம். அப்படியும் சில நேரம் ஏமாறுவோம். முழு மயக்கம் தேவைப்படலாம் என்பதால்தான், கை மட்டும் மரக்கப் போகிறது என்றாலும் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்கிறோம்.