தேருக்குப் பத்து விளக்கு

அன்புள்ள அக்கா,

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் நீங்கள் தமிழ் சொல்லிக்கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டாம்.

போன வாரம் பெரியப்பா வீட்டில் எல்லாரும் கூடி 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரில் எட்டாவது சீசனின் மூன்றாவது பகுதியை, அந்த வின்டர்ஃபெல் கோட்டை யுத்தத்தை, மறுபடியும் பார்த்தோம். 2019இல் என்ன சண்டை நடந்ததோ அதே சண்டை திரும்ப நடந்தது. பெரியப்பா மகன் அண்ணன் சொல்கிறான்: "ஹீரோ ஜான் ஸ்னோவும் செத்தவர் படையின் அரசன் நைட் கிங்கும் நேருக்கு நேர் மோதுவார்கள் என்று வருஷக்கணக்காக உட்கார வைத்தார்கள். கடைசியில் எங்கிருந்தோ ஒரு பொண்ணு பாய்ந்து வந்து ஒரே குத்து, எல்லாம் காலி. அதுவும் பாதி நேரம் திரையில் ஒன்றும் தெரியவில்லை." எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்தப் பொண்ணு, ஜானோடு வளர்ந்த தங்கை ஆர்யா, பாய்ந்தபோது அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் விடியும்வரை குரைத்தது.

அம்மா கேட்கிறார், யாரோ எழுதின கதைக்கு ஏன் பங்காளிகள் சொத்துக்கு அடித்துக்கொள்வது போல அடித்துக்கொள்கிறீர்கள் என்று. ஆயா அதற்கும் மேலே. எங்கள் தாத்தா சிக்ஸ்-ஃபுட் டான்ஸில் பெண் வேஷம் கட்டியவர். "ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தோம், ஒருத்தர் வாயிலும் ஒரு குறை வந்ததில்லை" என்கிறார். உண்மையா அக்கா? கதையின் மேல் ரசிகனுக்குக் கோபம் வரலாமா?

பெயர் போடாதீர்கள். அண்ணனும் உங்களைப் படிக்கிறான்.

*

அன்புள்ள தம்பி,

பிழை நான்கு இருந்தன. திருத்திவிட்டேன், எவை என்று சொல்லமாட்டேன்.

முதலில் ஆயா விஷயம். அவர் சொன்னது உண்மையில்லை, ஆனால் இதை அவரிடம் போய்ச் சொல்லாதே. நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து டர்பனுக்கு வந்த புதிதில், அரீனா பார்க்கில் ஒரு கல்யாண வீட்டில் முந்தின நாள் இரவு சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் இருக்கிறது, வா என்றார்கள். ஆறடி ஆள் யாரோ ஆடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு போனேன். பின்கட்டில் டென்ட் போட்டு, டியூப் லைட் கட்டி, பாட்டிகள் கம்பளியும் தலையணையுமாக இடம் பிடித்திருந்தார்கள். கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து பாட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது, இது நம் தெருக்கூத்து! கரும்புத் தோட்டத்துக்கு வந்த சனங்களோடு கப்பலேறி வந்து, இங்கே ஆறடி ஆகிவிட்டிருக்கிறது.

அன்று அபிமன்யு கதை. பாட்டெல்லாம் தமிழில், கோமாளி மட்டும் பிள்ளைகளுக்காக இங்கிலீஷில் விளக்கம் சொன்னார். விடியற்காலை மூன்று மணிக்குச் சக்கர வியூகத்துக்குள் அபிமன்யு விழுந்தான். முன்வரிசைப் பாட்டி ஒருவர் துரோணரைப் பார்த்து நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றினார். சரி, அது பக்தி. ஆனால் எனக்குப் பின்னாலிருந்த பெரியவர் ஒருவர் கொதித்துப்போய் எழுந்தார். டீ கொடுக்கிற நேரத்தில் நேரே மத்தளக்காரரிடம் போனார். எனாமல் கோப்பையில் பிஸ்கட்டை நனைத்து, அந்த நனைந்த பிஸ்கட்டாலேயே அபிமன்யுவைச் சுட்டிக்காட்டி, "போன வருஷம் வந்த செட்டில் இந்த ஆள் முக்கால் மணி நேரம் நின்றான். உன் ஆள் இருபது நிமிஷத்தில் படுத்துவிட்டான். ஆறு பேர் சேர்ந்து கொன்ற மாதிரியே இல்லை, தடுக்கி விழுந்த மாதிரி இருக்கிறது" என்றார். பிஸ்கட் பாதி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. உன் அண்ணன் அவருடைய வம்சம்தான்.

எனவே கோபம் வரலாம். அம்மாவிடம் சொல், இதுவும் ஒரு விதத்தில் சொத்துதான். வருஷக்கணக்காக ராத்திரி ராத்திரியாகப் போட்டு வைத்த நேரம்.

இனி அந்த இருட்டு. அந்தப் பகுதி 82 நிமிஷம், தொடரிலேயே நீளமானது அதுதான். 2019 ஏப்ரல் 28, அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒன்பது மணி, நமக்குத் திங்கள் விடியற்காலை மூன்று. அந்த வாரம் உனக்கும் நினைவிருக்கும். புனித வெள்ளிக்குத் தீமிதி முடிந்து, ஈஸ்டர் திங்களன்று பிடித்த மழையில் டர்பனைச் சுற்றிலும் 70 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். எங்கள் தெருவில் ஒரு மதில் சரிந்து, அதற்கு மறு திங்களும் சேறு காயவில்லை. அப்படி ஒரு விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தால், திரையில் யுத்தத்துக்குப் பதிலாக என் முகம்தான் தெரிந்தது. சமையலறை விளக்கு பின்னால் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன். அப்போதும் புகையும் கறுப்புக் கட்டங்களும்தான்.

மறுநாளே ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் மேல் எல்லாரும் பாய்ந்தார்கள். அவர், இருட்டாகவே எடுத்தோம், ஜனங்களுக்கு டிவியைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்கிற தொனியில் பதில் சொல்லி இன்னும் வாங்கிக்கட்டிக்கொண்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. 55 இரவுகள் வெட்டவெளியில் நின்று எடுத்தது. ஸ்டூடியோவின் நல்ல திரையில் எல்லாம் தெரிந்திருக்கும். அது இணையத்திலோ கேபிளிலோ வரும்போது படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருட்டுக்குள் இருக்கிற நுணுக்கம்தான். கறுப்புக்கும் கொஞ்சம் குறைந்த கறுப்புக்கும் நடுவிலே இருக்கிற வித்தியாசம் போய், மூடுபனி கட்டம் கட்டமாகத் திட்டுத்திட்டாகிவிடும். ஆனால் பார்க்கப் போகிறவன் வீட்டு டிவியில்தான் பார்ப்பான் என்பது தெரிந்த விஷயம்தானே? அரிசி நல்லதுதான், உன் பல்தான் சரியில்லை என்றால் சாப்பிட வந்தவன் என்ன செய்வான்.

பாரதத்தில் ஓர் இரவுப் போர் உண்டு, நினைவிருக்கிறதா? வகுப்பில் சொன்னேன், நீ தூங்கியிருப்பாய். பதினான்காம் நாள் ஜயத்ரதன் செத்த பிறகும் போர் நிற்கவில்லை, இருட்டிவிட்டது. யார் யாரை வெட்டுகிறார்கள் என்று தெரியாமல் தன் ஆளையே வெட்டுகிறார்கள். கதை சொல்கிறவருக்கு அந்தக் குழப்பம் வேண்டும், ஆனால் கேட்கிறவனுக்குப் படம் தெரியவும் வேண்டும். என்ன செய்கிறார்? துரியோதனன் காலாட்களைக் கூப்பிட்டு ஆயுதத்தைக் கீழே போடு, விளக்கைத் தூக்கு என்கிறான். தேருக்கு ஐந்து, யானைக்கு மூன்று, குதிரைக்கு ஒன்று. பாண்டவர்கள் அதைப் பார்த்து யானைக்கு ஏழு, தேருக்குப் பத்து, குதிரைக்கு இரண்டு என்று ஏற்றுகிறார்கள். எண்ணிக்கையோடு சொல்கிறார் பார்! பத்து என்று காதில் விழுந்தவுடனே கண்ணுக்குள் தேர் வந்துவிடுகிறது. அதற்கப்புறம் எத்தனை இருட்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தொடரை எடுத்தவர்களுக்கும் இது தெரியும். டோத்ராக்கிக் குதிரைப் படையின் வாள்கள் எல்லாம் தீப்பிடித்து எரிய, அவர்கள் இருட்டுக்குள் பாய்ந்து போகிறார்களே, அந்த இடம். நாம் கோட்டைப் பக்கம் நின்று தூரத்திலிருந்து பார்க்கிறோம். புள்ளி புள்ளியாக நெருப்பு. அது ஒவ்வொன்றாக அணைகிறது. கடைசிப் புள்ளியும் போனதும் சத்தமே இல்லை. முழுத் தொடரிலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த ஒரு நிமிஷம்தான். அங்கே இருட்டு இருட்டாகத் தெரிந்ததற்குக் காரணம், எண்ணுவதற்கு நம்மிடம் விளக்கு இருந்தது. அதற்குப் பிறகு நிறைய நேரம் நம் கையில் விளக்கைக் கொடுக்காமலேயே ஓட வைத்தார்கள். (கல்லெறியும் பொறிகளைக் காலாட்படைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினது, எதிரி எங்கே என்றே தெரியாமல் குதிரைப் படையை அனுப்பினது, இதையெல்லாம் கேட்காதே. துரியோதனனுக்கே இதைவிட நன்றாக வியூகம் தெரியும்.)

அப்புறம் அண்ணனின் பெரிய புகார், எங்கிருந்தோ வந்த பொண்ணு. இதில் நான் உன் கட்சி. அவள் எங்கிருந்தோ வரவில்லை. அந்தக் கத்தி ஏழாவது சீசனில் தம்பி பிரான் கையிலிருந்து அவள் கைக்கு வந்தது. ஒரு கையிலிருந்து கத்தியை நழுவவிட்டு மறு கையில் பிடிக்கிற வித்தையை, பிரியென் என்கிற வீராங்கனையோடு பயிற்சிச் சண்டை போடும்போதே காட்டிவிட்டார்கள். அண்ணனுக்கு அது தெரியாமலா இருக்கும்? அதே வித்தையை ஜான் செய்திருந்தால், எப்பேர்ப்பட்ட முன்தயாரிப்பு என்று உனக்கு வகுப்பு எடுத்திருப்பான்.

எதிர்பார்த்தவன் கையால் நடக்கவில்லை என்பது ஒரு குறையே இல்லை. அதே இரவுப் போருக்கு வா. கர்ணனிடம் இந்திரன் கொடுத்த சக்தி என்கிற வேலாயுதம் இருக்கிறது. கவச குண்டலத்தை அறுத்துக் கொடுத்து வாங்கியது. ஒரே ஒருவனைத்தான் கொல்லும், அதோடு திரும்பிப் போய்விடும். அர்ஜுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருக்கிறான். கேட்கிற அத்தனை பேரும் அர்ஜுனனையும் அந்த வேலாயுதத்தையும் நினைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். நடந்தது என்ன? ராத்திரியில் பலம் கூடுகிற அரக்கி மகன் கடோத்கசன் வந்து கௌரவர் படையை வதைக்க, எல்லாரும் கெஞ்ச, கர்ணன் அதை அவன் மேல் விட்டுவிடுகிறான். உன் அண்ணன் அங்கே இருந்திருந்தால், இதற்கா இத்தனை நாள் வைத்திருந்தான் என்று மத்தளக்காரரிடம் போயிருப்பான்.

ஆனால் அங்கே அடுத்து என்ன நடக்கிறது என்று கவனி. கடோத்கசன் விழும்போதும் உடம்பைப் பெருக்கி ஒரு சேனையை நசுக்கிக்கொண்டு விழுகிறான். பாண்டவர்கள் எல்லாம் அழுகிறார்கள், கிருஷ்ணன் மட்டும் அர்ஜுனனைக் கட்டிப் பிடித்துக் கூத்தாடுகிறான். பிள்ளை செத்துக் கிடக்கிறான், இந்த நேரத்தில் என்ன சந்தோஷம் என்று அர்ஜுனனே கேட்கிறான். தருமன் வெறிபிடித்துக் கர்ணனைத் தேடிக் கிளம்புகிறான். கர்ணன் கை காலியாகிவிட்டது, பதினேழாம் நாள் அந்தக் காலிக் கையோடுதான் அர்ஜுனன் முன்னால் நிற்கப் போகிறான். ஓர் ஆள் மாறி விழுந்ததில் எல்லாருடைய கணக்கும் மாறிவிட்டது. களைத்துப்போய், நிலா வரும்வரை யானை மேலும் தேர்த்தட்டிலும் அப்படியே சாய்ந்து தூங்குகிறார்கள். அதற்குக்கூட இடம் கொடுத்திருக்கிறார் கதைசொல்லி.

இங்கே? நியாயமாகச் சொன்னால், பிணங்களை அடுக்கி எரித்தார்கள், விருந்து வைத்தார்கள், படை பாதியாகிவிட்டது என்று கணக்கும் சொன்னார்கள். ஆனால் முதல் சீசனின் முதல் காட்சியிலிருந்து பயம் காட்டின அந்தப் பேய்ப் படையின் அரசன் போனதால் யாருடைய மனசு எப்படி ஆயிற்று என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆர்யாவையே எடுத்துக்கொள். சாவையே குத்திக் கொன்றவள். அது அவள் மேல் ஒட்டவே இல்லை. பழையபடி எதிரி ராணி செர்சியைக் கொல்லப் போகிறேன் என்று குதிரை ஏறிவிட்டாள். அந்த இரவை அப்படியே உருவி எடுத்துவிட்டாலும் மிச்சக் கதை ஏறக்குறைய அதே இடத்துக்குப் போய்ச் சேரும்போல இருக்கிறது. அண்ணனுக்கு எரிவது இதுதான் என்று நினைக்கிறேன். எரிகிற இடம் சரியாகத் தெரியாமல், கண்ணில் பட்ட பொண்ணைத் திட்டுகிறான்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு மாதத்துக்கு எல்லா மதிலிலும் மெத்தை காய்ந்தது. இடிந்த மதில்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் அதுவரை பேசிக்கொண்டதில்லை, சேற்றை வாரும்போது பேச ஆரம்பித்தார்கள், பிறகு புது மதில் யார் செலவு என்பதில் மறுபடி பேச்சு நின்றது. எனக்கு அந்த மாதிரி ஒரு மெத்தை வின்டர்ஃபெல்லில் தேவைப்பட்டது.

மே மாதம் கடைசி சீசனையே திரும்ப எடு என்று 10 லட்சத்துக்கு மேல் ரசிகர்கள் கையெழுத்துப் போட்டார்களே, அந்தக் கட்சியில் நான் இல்லை. பிஸ்கட்டோடு மத்தளக்காரரிடம் போனவர்கூட அபிமன்யுவை எழுப்பி மறுபடி சாகச் சொல்லவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, மிச்சக் கூத்தை உட்கார்ந்து விடியும்வரை பார்த்தார்.

சரி, எனக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. தாத்தா பெண் வேஷம் என்றால் எந்தப் பெண்? சுபத்திரையா, திரௌபதியா? கடோத்கசன் கதை ஆடியிருந்தால் இடும்பியாகக்கூட இருக்கலாம். பிள்ளை செத்த சேதி கேட்டு இடும்பி அழுகிற பாட்டு ஏதாவது அவர்கள் செட்டில் இருந்ததா என்று ஆயாவிடம் கேள். பாட்டு எழுதின நோட்டு வீட்டில் எங்கேயாவது கிடந்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் வைத்து எடு.

அன்புடன்,
அக்கா