பரணில் கிடந்த வால்வு ரேடியோவை உடனே பிளக்கில் செருகலாமா?

கேள்வி: தாத்தா வீட்டுப் பரணிலிருந்து மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒன்றை இறக்கியிருக்கிறோம். இருபத்தைந்து வருடமாவது ஓடாமல் கிடந்தது. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா? பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரும் கையில் இருக்கிறது. வீடியோவில் காட்டுவது போல அதை வைத்து மின்பொறி பறக்கவிட ஆசை. எப்படிச் செய்வது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டாவது ஆசையை முதலில் கைவிடுங்கள். மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 2000 வோல்ட் தரும். ஆளைக் கொல்ல சில பத்து மில்லியாம்ப் போதும். இது நூற்றுக்கணக்கில் தரக்கூடியது. வீட்டில் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது மெயின் லைனில் போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டுமே பார்க்கும். டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கச் சுற்றிலிருந்து உடம்பு வழியாக ஓடும் கரண்ட் அதன் கணக்கிலேயே வராது. இதை வைத்து மரப்பலகையில் கோலம் எரிக்கப்போய் பல நாடுகளில் பலர் இறந்திருக்கிறார்கள்.

ஹை வோல்டேஜ் சர்க்யூட் கட்டியே தீர வேண்டும் என்றால் நிக்ஸி குழாய்க்கான (எண்களை ஒளிரவிட்டுக் காட்டும் பழைய கண்ணாடிக் குழாய்) 170 வோல்ட் பவர் சப்ளையில் தொடங்குங்கள். 12 வோல்ட் பேட்டரி, எம்சி34063 ஐசி, ஐஆர்எஃப்740 மாஸ்ஃபெட், 100 மைக்ரோஹென்றி காயில், 4.7 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் கண்டென்சர் போதும். டையோடு யுஎஃப்4004 ஆக இருக்கட்டும். மெதுவான 1என்4007 போட்டால் அது சூடேறும், வோல்டேஜும் ஏறாது. வெளிவரும் வோல்டேஜை ஐசிக்குத் தெரிவிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்களை முதலில் சோல்டர் செய்யுங்கள்: மேலே 470 கிலோ ஓம் இரண்டு தொடராக, கீழே 6.8 கிலோ ஓம். ஐசியின் ஒப்பீட்டு வோல்டேஜ் 1.25 என்பதால் வெளியே 174 வோல்ட் வரும். இந்த ரெசிஸ்டர் இணைப்பு விட்டுப்போனால் வோல்டேஜ் கட்டுப்பாடில்லாமல் ஏறி, கண்டென்சரோ மாஸ்ஃபெட்டோ போய்விடும். இதுவும் ஷாக் அடிக்கும்தான், ஆனால் கண்டென்சரில் தங்கும் சக்தி மிகக் குறைவு.

இனி ரேடியோ. செருகவே செருகாதீர்கள். பின்பக்க அட்டையைக் கழற்றி, குளவிக்கூடு, எலிப்புழுக்கை, தூசி எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் எடுங்கள். பழைய ரப்பர் ஒயர் தொட்டாலே பொடியாக உதிரும். மெயின் ஒயரை மாற்றாமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து வால்வுகளின் பெயரைப் படியுங்கள். யூசிஎல்82, யூஒய்85 என்று ‘யூ’வில் தொடங்கினால் அது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏசி/டிசி செட். வால்வுகளின் ஹீட்டர்கள் (உள்ளே சூடேறும் இழைகள்) எல்லாம் தொடராக 100 மில்லியாம்பில் எரியும். சாசி (பாகங்களைத் தாங்கும் உலோகத் தட்டு) நேராக மெயின் ஒயர் ஒன்றோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சாசி முழுவதும் 230 வோல்ட். குமிழ் கழன்ற இரும்புத் தண்டைத் தொட்டாலும் ஷாக்தான். மெயின் லைனோடு நேரடி இணைப்பில்லாமல் கரண்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதில் கை வைக்காதீர்கள். ஈசிஎச்81, ஈஎல்84 என்று ‘ஈ’யில் தொடங்கினால் ஹீட்டர் 6.3 வோல்ட், அநேகமாக டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். இந்த வகையில் சாசியை எர்த் செய்யலாம். பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் 240 அல்லது 245-இல் வையுங்கள். ராத்திரியில் கரண்ட் ஏறும் ஊர்களில் இது அவசியம்.

கண்டென்சர்கள்தான் இந்த வேலையின் உயிர்நாடி. அலுமினியக் குப்பி போன்ற ஃபில்டர் கண்டென்சர் உள்ளே காய்ந்திருக்கும். கரண்ட் கொடுத்தால் ஷார்ட்டாகி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வையும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். பழைய குப்பியைப் பார்வைக்கு விட்டுவிட்டு, இணைப்பை அறுத்து, கீழே புதிதாக 47 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் போடுங்கள். பெரிதாகப் போட்டால் உறுமல் குறையுமே என்று 100 போட வேண்டாம். ஈஇசட்80 என்ற ரெக்டிஃபையர் வால்வு தாங்கும் முதல் கண்டென்சர் அளவு அதிகபட்சம் 50 மைக்ரோஃபாரட்.

மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்களில் ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (சிக்னல் நுழையும் முனை) போகும் 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட்டை மட்டுமாவது சோதிக்காமலே மாற்றுங்கள். 630 வோல்ட் ஃபிலிம் வகை போதும். அது கசிந்தால் கிரிட் பாசிட்டிவ் ஆகி, வால்வு தகதகவென்று சூடேறி, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை இனி வாங்குவது கடினம். கண்டென்சர்கள் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், கிருஷ்ணகிரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மாலையில் திரும்பிவிடலாம்.

பிறகு 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ரேடியோவின் ஃபேஸ் ஒயரில் தொடராக மாட்டுங்கள், ஷார்ட் இருந்தால் கரண்டை அது கட்டுப்படுத்தும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. முதலில் ரெக்டிஃபையர் வால்வைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். மங்கி நின்றால் வால்வை மாட்டி மறுபடி பாருங்கள். நன்றாக எரிந்து, வால்வுகள் சூடேற ஏற மங்கினால் நல்ல அறிகுறி. ஈஎல்84 இருந்தால் அதன் 2-ஆம் பின்னுக்கும் (கிரிட்) சாசிக்கும் நடுவே டிஜிட்டல் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் பாசிட்டிவ் என்றாலும் கசிவுதான்.

பிளக்கைப் பிடுங்கியதும் உள்ளே கை விடாதீர்கள். 300 வோல்ட் ஏறிய கண்டென்சர் அதை வெகுநேரம் வைத்திருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் ரப்பர் உறை போட்ட கிளிப் வைத்து, சாசிக்கும் கண்டென்சருக்கும் நடுவே பத்து விநாடி பிடியுங்கள். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் கண்டென்சரையும் கெடுக்கும், கண்ணிலும் பொறி தெறிக்கும். கரண்ட் ஓடும்போது அளக்க நேர்ந்தால் ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். மெயின் சுவிட்ச் எங்கே என்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஓடத் தொடங்கியதும் தர்மபுரி வானொலியைத் தேடினால் கிடைக்காது, அது 102.5 எஃப்எம், இந்த வகைப் பழைய செட்டுகளில் பெரும்பாலும் மீடியம் வேவும் ஷார்ட் வேவும்தான். டயலில் 490 மீட்டர் பக்கம் முள்ளை நகர்த்துங்கள். பெங்களூரு நிலையத்தின் 612 கிலோஹெர்ட்ஸ் அங்கேதான். இரைச்சல் அதிகமென்றால் முதலில் வீட்டு எல்இடி பல்புகளையும் இன்வர்ட்டரையும் அணைத்துப் பாருங்கள். ஏரியலுக்குப் பத்து மீட்டர் ஒயரை மாடியில் இழுத்துக் கட்டலாம். இடி மின்னலுக்கு வானம் இருட்டும்போதே அதைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.