ஓஷோவாலா மாதிரி ஆகணும் என்று சொல்லும் மகளின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை முழுதாகப் படித்தேன். பத்தாவது படிக்கும் மகள், மாவட்டக் கால்பந்து அணியில் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவள், அறைச் சுவரில் நைஜீரியக் கால்பந்து வீராங்கனை அசிசாத் ஓஷோவாலா படம். "அவங்களும் அப்பா அம்மா பேச்சைக் கேட்காமத்தான் ஜெயிச்சாங்க, நான் பிளஸ் ஒன் சேர மாட்டேன்" என்கிறாள், அப்பாவுக்கும் அவளுக்கும் இரண்டு வாரமாகப் பேச்சே இல்லை. இந்த ஆசையை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். அவள் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். ஆனால் கோப்பையைத் தூக்கும் படத்தை மட்டும் பார்க்கிறாள், அப்பாவோ பந்தை மட்டும் பார்க்கிறார். மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்தப் பெண்ணின் வேலை வாழ்க்கையை வருஷம் வருஷமாக, ஒரு பயோடேட்டாவைப் பார்ப்பது போல, பாருங்கள். வீட்டுச் சண்டையில் பாதி அங்கேயே தணிந்துவிடும் என்பது என் நம்பிக்கை.

ஓஷோவாலா 1994ல் லாகோஸை ஒட்டிய இக்கொரொடுவில் பிறந்தவர். பெண் பிள்ளைக்குப் பந்து எதற்கு, ஒழுங்காகப் படி என்றுதான் அவர் வீட்டிலும் சொன்னார்கள். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், ஆக உங்கள் மகள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களைத்தான் அவள் தாண்டிக் குதித்துவிடுகிறாள். எஃப்சி ரோபோ, அப்புறம் போர்ட் ஹார்கோர்ட்டின் ரிவர்ஸ் ஏஞ்சல்ஸ் என்று உள்ளூர் லீகிலேயே பல வருஷம் ஆடினார். 2012ல் ஜப்பானில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிவிட்டு, 2014ல் கனடாவில் அதே போட்டிக்குத் திரும்பி வந்து ஏழு கோல் அடித்தார், அதிக கோலுக்கான தங்கக் காலணி, சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து இரண்டும் அவருக்கே. இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 1-0 என்று நைஜீரியா தோற்றது, ஆனாலும் அவருக்குக் கதவு திறந்தது அங்கேதான். 2015 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 20.

இங்கே கொஞ்சம் நிறுத்தி மகளிடம் சொல்லுங்கள்: அந்தக் கதவு திறந்தது வயது வரம்புள்ள ஒரு போட்டியில். 17, 20 வயதுக்குட்பட்டோர் போட்டிகள் கிளப்புகளின் ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்காரும் இடங்கள், அந்த வயது தாண்டிவிட்டால் அதே வாய்ப்பு மறுபடி வராது. இதை அப்பாவும் கேட்க வேண்டும். "டிகிரி முடிச்சுட்டு ஆடிக்கோ" என்பது அக்கறையில் வரும் பேச்சுதான், ஆனால் இந்தத் தொழிலில் அதற்கு "ஆடாதே" என்றுதான் பொருள்.

லிவர்பூலில் முதல் வருஷமே முழங்காலில் அடிபட்டு வெளியே உட்கார்ந்தார். அடுத்த வருஷம் இன்னொரு இங்கிலாந்து கிளப்பான ஆர்சனல், அங்கே எஃப்.ஏ. கோப்பை வென்றார். 2017ல் சீனாவின் டாலியன் கிளப்புக்குப் போனார். இங்கிலாந்தை விட்டுச் சீனாவா, இறங்குமுகமாயிற்றே என்று நமக்குத் தோன்றும். அங்கே லீக் பட்டம் வென்றார், அதிக கோலும் அவர்தான் அடித்தார். அதன் பிறகுதான், 2019 ஜனவரியில், ஸ்பெயினின் பார்சிலோனா கூப்பிட்டது. அதுவும் முதலில் கடன் ஒப்பந்தத்தில், அதாவது சில மாதம் ஆடிக் காட்டு, பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்ற ஏற்பாடு. அந்த மே மாதம் ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பிரான்ஸின் லியோனிடம் 4-1 என்று தோற்ற ஆட்டத்தில் பார்சிலோனாவின் ஒரே கோல் இவருடையது. பிறகு நிரந்தர ஒப்பந்தம், 2021லும் 2023லும் அதே சாம்பியன்ஸ் லீக் கோப்பை, அந்தக் கிளப்புக்காக நூறுக்கும் மேற்பட்ட கோல்கள். இடையில் 2022 ஆப்பிரிக்கக் கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே மறுபடி முழங்காலில் அடி, போட்டியை விட்டே விலக வேண்டியதாயிற்று. 2024ல் அமெரிக்காவின் பே எஃப்சி, 2025ல் சவுதியின் அல் ஹிலால். ஆப்பிரிக்காவின் சிறந்த வீராங்கனை விருது ஆறு முறை.

பத்து வருஷத்தில் ஐந்து வெளிநாடுகள், ஆறு கிளப்புகள். இவ்வளவு புகழ்பெற்றவருக்கே இதுதான் நிலைமை. மொழி தெரியாத ஊரில் தனியாக அறை எடுத்து, காயத்தோடு மூன்று மாதம் படுத்திருந்து, ஒப்பந்தம் முடிகிற தேதியை எண்ணிக்கொண்டு வாழத் தயாரா என்று மகளிடம் கேளுங்கள், பயமுறுத்துவதற்காகக் கேட்காதீர்கள், அவள் நிஜமாக யோசிக்கட்டும். தயார் என்பாள், பெரும்பாலும். அது நல்ல பதில்தான். நைஜீரியாவின் ஓனோமே எபி துருக்கி, சுவீடன், பெலாருஸ், சீனா என்று சுற்றி ஆடிக்கொண்டே 2003 முதல் 2023 வரை ஆறு உலகக் கோப்பைகளில் இருந்தார், கடைசிக் கோப்பையின்போது வயது 40. எனக்கு அவர் வாழ்க்கை ஓஷோவாலாவுடையதைவிடப் பெரிய பாடமாகத் தெரிகிறது, ஏனென்றால் பெரும்பாலான நல்ல ஆட்டக்காரர்களுக்குக் கிடைப்பது அந்த மாதிரி வாழ்க்கைதான்.

அடுத்து பணம். அப்பா கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வி. உலகக் கால்பந்தை நடத்தும் அமைப்பான ஃபிஃபா 2025ல் வெளியிட்ட அறிக்கையில், அவர்கள் ஆய்வு செய்த மகளிர் கிளப்புகளில் ஒரு வீராங்கனையின் சராசரி ஆண்டுச் சம்பளம் சுமார் 10,900 டாலர், நம் கணக்கில் ஒன்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். உச்சியில் இருக்கும் கிளப்புகளை எடுத்துவிட்டால் அது சில ஆயிரம் டாலராகச் சுருங்கிவிடும். நாட்டு அணிக்கு ஆடினால் பணம் தானாக வந்துவிடும் என்பதும் இல்லை. 2016ல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்று திரும்பிய நைஜீரியப் பெண்கள், தர வேண்டிய பணம் வரவில்லை என்று அபுஜாவில் ஓட்டல் அறையைக் காலி செய்ய மறுத்து உட்கார்ந்தார்கள், பதாகையோடு நாடாளுமன்றம் வரை போனார்கள். அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்தவர் ஓஷோவாலா! சாம்பியன்கள் சம்பளத்துக்காகத் தெருவில் நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அப்புறம் நிலைமை மாறவும் செய்திருக்கிறது. 2023 உலகக் கோப்பையில் முதல் சுற்று ஆடும் ஒவ்வொரு வீராங்கனைக்கும் 30,000 டாலர் என்று ஃபிஃபா அறிவித்தது. 2025 ஜூலையில் நைஜீரியா மொராக்கோவை 3-2 என்று வீழ்த்திப் பத்தாவது முறையாக ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றபோது, ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள தொகையும் ஒரு வீடும் தருவதாக நாட்டு அதிபர் அறிவித்தார். ஆனால் பரிசுத்தொகையை நம்பி ஒரு குடும்பம் மாதா மாதம் கணக்குப் போட முடியாது.

அதனால்தான் படிப்பு. அதே 2025 அணியில் மிஷெல் அலோசி என்று ஒருவர் இருக்கிறார், அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் கூடுதல் நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் மூலக்கூறு உயிரியல் படித்தவர். ஹூஸ்டன் கிளப்பில் ஆடிக்கொண்டே அதே ஊரின் குழந்தைகள் மருத்துவமனையில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்திலும் வேலை பார்த்தார். காலையில் பயிற்சி, அப்புறம் ஆய்வகம். அவர் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர், படிப்பும் விளையாட்டும் சேர்ந்தே போகும் அமெரிக்கக் கல்லூரி முறையில் வந்தவர், அந்த வசதி இக்கொரொடுவில் கிடையாது, நம் ஊரிலும் குறைவு. இருந்தாலும் இரண்டையும் சேர்த்துச் செய்த ஒருத்தி அதே பச்சைச் சட்டையில் இருக்கிறாள் என்பது உங்கள் மகளுக்குத் தெரிய வேண்டும். ஓஷோவாலா படத்துக்குப் பக்கத்தில் அலோசி படத்தையும் ஒட்டச் சொல்லுங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? பிளஸ் ஒன் சேர வேண்டும், அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முடிந்தால் உயிரியல் உள்ள குரூப், ஏனென்றால் பிசியோதெரபி மாதிரி விளையாட்டைச் சுற்றியுள்ள படிப்புகளுக்கு வழி திறந்திருக்கும். பதிலுக்கு நீங்கள் பயிற்சி நேரத்தைத் தொடக் கூடாது. காலை டியூஷன், சாயங்கால டியூஷன் இரண்டையும் வைத்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் ஆடு என்றால் அது ஏமாற்று. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கான தேர்வு அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், அரசு வேலையில் விளையாட்டு இட ஒதுக்கீடும் இருக்கிறது. இவை இரண்டையும் அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். வெளிநாட்டு கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், டிரையலுக்கு இவ்வளவு கட்டுங்கள் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 18 வயது நிரம்பாத ஆட்டக்காரரை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா விதி பொதுவாகத் தடுக்கிறது, பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. ஏஜெண்ட் என்று சொல்பவருக்கு ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பெயரைப் போட்டுப் பார்க்கலாம். மேற்கு ஆப்பிரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் இருந்த நிலத்தை விற்றுப் பணம் கட்டிவிட்டு, பிள்ளையை அந்நிய ஊரில் தவிக்கவிட்டிருக்கின்றன.

இந்த வாரமே பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: ஆட்டத்துக்கு முன்னால் முழங்காலுக்கும் தொடைக்கும் தனிப் பயிற்சி கொடுக்கிறாரா? பெண்களுக்கு முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம், இந்த வயதில்தான் அது ஆரம்பிக்கும். தரவில்லை என்றால் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்து வீட்டிலேயே தொடங்கிவிடுங்கள். குரூப் எடுப்பதற்கு முன் மகளையும் அழைத்துக்கொண்டு என்னிடம் பேசுங்கள், அப்பாவும் வந்தால் ரொம்ப நல்லது.