பெரிசு, சின்னது, ரொம்ப, அளவா: ஸ்வீடிஷ் அளவுச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

ஸ்வீடனில் குடியேறியவர்களுக்கு ஸ்வீடிஷ் மொழி சொல்லித்தரும் எஸ்எஃப்ஐ வகுப்பில் இருப்பவர்களும், ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே படிப்பவர்களும் கேட்டவை இவை. உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் முடிந்த மட்டும் தந்திருக்கிறேன். காதால் கேட்டு நேராக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, 'பிக்' என்றால் 'ஸ்டூர்' என்று ஆப் சொல்கிறது. பாடத்தில் ஸ்டூர், ஸ்டூர்ட், ஸ்டூரா என்று மூன்று வருகிறதே?

மூன்றும் ஒரே சொல்தான். ஸ்வீடிஷ் பெயர்ச்சொற்களில் இரண்டு வகை: 'ஒரு' என்பதற்குச் சிலவற்றின் முன் 'என்' வரும், மற்றவற்றின் முன் 'எத்' வரும். 'என்' வகைப் பெயர்ச்சொல்லோடு ஸ்டூர் (என் ஸ்டூர் பீல், ஒரு பெரிய கார்), 'எத்' வகையோடு ஸ்டூர்ட் (எத் ஸ்டூர்ட் ஹூஸ், ஒரு பெரிய வீடு). பன்மைக்கும் 'அந்தப் பெரிய' என்று சுட்டுவதற்கும் ஸ்டூரா.

சின்னதுதான் படுத்தும். லீதன், லீதெத், லில்லா என்று போய், பன்மையில் சம்பந்தமே இல்லாமல் 'ஸ்மோ' ஆகிவிடும். ஒரு சின்ன கார் 'என் லீதன் பீல்', இரண்டு என்றால் 'த்வோ ஸ்மோ பீலர்'. காரணம் தேடாதீர்கள், மனப்பாடம் செய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் ஆங்கில 'ஸ்மால்' ஸ்வீடிஷில் இல்லையா? கடையில் ஸ்மால் என்று கேட்டேனே.

இருக்கிறது, அர்த்தம்தான் வேறு. ஸ்வீடிஷ் ஸ்மால் என்றால் ஒல்லி அல்லது குறுகலானது. ஆளுக்கும் சொல்லலாம், சந்துக்கும் சொல்லலாம். ஆனால் மெல்லிய காகிதத்துக்கும் தண்ணியாக இருக்கும் சூப்புக்கும் 'துன்'. உடலைப் பிடிக்கிற சட்டைக்கும், நெருக்கடியான அறைக்கும் 'த்ரொங்'.

கேள்வி: என் மகள் நல்ல உயரம். டீச்சரிடம் 'ஹோக்' என்று சொன்னேன், அவர் முகமே மாறிவிட்டது. ஏன்?

மாறாமல் என்ன செய்யும்! ஹோக் கட்டடத்துக்கும் மலைக்கும் விலைக்கும் பொருந்தும். ஒரு ஆளை ஹோக் என்றால் போதை மருந்து ஏறியிருக்கிறது என்று பொருள். ஆளின் உயரத்துக்கு 'லொங்'. நீளமான சாலைக்கும் அதே சொல்தான். தமிழில் உயரம், ஆங்கிலத்தில் டால் என்று ஆளுக்கும் கட்டடத்துக்கும் ஒன்றையே சொல்லிப் பழகியதால் வருகிற வினை இது. டீச்சரிடம் அடுத்த முறை சிரித்துக்கொண்டே 'லொங்' என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: 'மோர்' என்பதற்கு மேர், ஃப்ளேர் இரண்டும் வருகின்றன. எது எங்கே?

எண்ண முடிந்தால் ஃப்ளேர், முடியாவிட்டால் மேர். கூடுதல் கார்கள் ஃப்ளேர், கூடுதல் தண்ணீர் மேர். 'நிறைய' என்பதிலும் இதே பிரிவு: கார்கள் மோங்கா, தண்ணீர் மிக்கெ. குறைவுக்கு ஃபெர்ரெ, மிண்ட்ரெ. மிண்ட்ரெ என்றால் 'இதைவிடச் சின்னது' என்றும் பொருள், அதனால் கடையில் அடிக்கடி உதவும்.

கேள்வி: சக ஊழியர் வீட்டு விருந்தில் சாப்பாட்டைப் பாராட்டி 'ஃபோர் ஸ்டார்க்' என்றேன். அவர் வருத்தப்பட்டுத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார்.

இங்கே ஆங்கிலத்தைக் குறை சொல்ல முடியாது, நம் 'ரொம்ப'தான் காரணம். 'குழம்பு ரொம்பக் காரம்' என்று சப்புக்கொட்டிக்கொண்டும் சொல்வோம், தட்டைத் தள்ளிவிட்டும் சொல்வோம். குரலும் முகமும் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஸ்வீடிஷ் அதைக் குரலுக்கு விடாது. 'வெல்டிட் ஸ்டார்க்' என்றால் நல்ல காரம். 'ஃபோர் ஸ்டார்க்' என்றால் அளவு மீறிவிட்டது, என்னால் முடியவில்லை. ஆங்கில வெரி, டூ இரண்டுக்கும் உள்ள அதே வேறுபாடு. தாங்கவே முடியாத அளவு என்றால் 'அல்டேலெஸ் ஃபோர் ஸ்டார்க்'.

வாய் திறக்கும் முன் 'ரொம்ப'வுக்குப் பின்னால் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். புகார் இருந்தால் ஃபோர், இல்லாவிட்டால் வெல்டிட்.

கேள்வி: 'யெத்தெ' என்றால் ராட்சதன் என்கிறார்கள். அப்புறம் எப்படி 'யெத்தெலீதன்'?

ராட்சதச் சின்னது! அர்த்தம் தேய்ந்து வெறும் 'ரொம்ப' ஆகிவிட்டது. நாம் 'பயங்கர அழகு' என்பதில்லையா? அடுத்த சொல்லோடு ஒட்டித்தான் எழுத வேண்டும், பிரித்து எழுதினால் ஸ்வீடன்காரர்களுக்குக் கண்ணை உறுத்தும். இளசுகள் யெத்தெ இருக்கும் இடத்தில் 'ஷீத்' என்று போடுவார்கள். அது மலத்தைக் குறிக்கும் சொல். நண்பர்களோடு சரி, வேலை நேர்காணலில் வேண்டாம்.

கேள்வி: அக்கா, மகனுக்கு ஜாக்கெட் வாங்கப் போனனான். எல்லாத்திலயும் 104, 110, 116 எண்டு கிடக்கு. இது என்னண்டு விளங்கேல்ல.

பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். மகன் 112 என்றால் 116 எடுங்கள். வயதைச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.

கேள்வி: பழைய கார் விளம்பரத்தில் '15 000 மீல்' ஓடியது என்று இருந்தது. விலையும் மலிவு. வாங்கலாமா?

நிதானம். மீல் என்பது ஆங்கில மைல் அல்ல, 10 கிலோமீட்டர். நீங்கள் சுமார் 24,000 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். அது 1,50,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. பழைய ஸ்வீடிஷ் மீல் ஏறக்குறைய 10.69 கிலோமீட்டர். 1889-இல் மெட்ரிக் முறை கட்டாயமானபோது அதைச் சரியாகப் பத்தாக்கி, பெயரை மட்டும் விட்டுவைத்தார்கள். பெட்ரோல் செலவையும் மீலுக்கு எத்தனை லிட்டர் என்றுதான் சொல்வார்கள். 0.6 என்றால் நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர்.

கேள்வி: பட்ஜெட் செய்தியில் 'மில்யார்ட்' என்கிறார்கள். அது மில்லியனா?

இல்லை. மில்யார்ட் என்றால் நூறு கோடி, அதாவது ஆங்கில பில்லியன். ஸ்வீடிஷ் 'பில்யூன்' ஒரு லட்சம் கோடி. செய்தியை ஆங்கிலத்தில் மாற்றி எழுதுபவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

கேள்வி: 'லாகொம்' என்ற சொல்லை எந்த மொழியிலும் பெயர்க்க முடியாதாமே? வைக்கிங் காலத்துக் கதை வேறு சொல்கிறார்கள்.

தமிழில் 'அளவா' என்று சொல்லிப் பாருங்களேன். அளவா சூடு, அளவா உப்பு. முக்கால்வாசி இடங்களில் பொருந்திவிடும். மதுக்கொம்பு சுற்றிவரும்போது ஒவ்வொருவரும் அடுத்தவருக்கு மிச்சம் வைத்துக் குடித்ததால் வந்த சொல் என்பது கேட்க நன்றாயிருக்கும் கதை, அவ்வளவே. சட்டம், வழக்கம் என்று பொருள்படும் 'லாக்' என்ற சொல்லின் பழைய வேற்றுமை வடிவம் அது. 'முறைப்படி' என்பதுதான் அடிப்பொருள்.

கேள்வி: தம்பி, தங்கைக்குத் தனிச் சொல் உண்டா? ஆங்கிலத்தில் 'யங்கர்' சேர்த்துச் சொல்லி அலுத்துவிட்டது.

உண்டு, அதுவும் அளவுச் சொல்லிலிருந்தே. அண்ணன் ஸ்டூரெப்ரூர், தம்பி லில்லெப்ரூர், அக்கா ஸ்டூராசிஸ்தெர், தங்கை லில்லாசிஸ்தெர். தம்பி உங்களைவிட ஒரு அடி வளர்ந்திருந்தாலும் லில்லெப்ரூர்தான்.