திரையை இயந்திரம் வரைந்தால்: கேள்வி பதில்

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு செயலித் திரைகளை உருவாக்குவது பற்றிப் புதுச்சேரி, கடலூர் அன்பர்கள் கேட்டவற்றுக்கு, புதுச்சேரியில் இத்தொழிலில் இருக்கும் ஒருவரின் விடைகள்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: நோட்டில் பேனாவால் கிறுக்கிய படத்திலிருந்து திரை எப்படி உருவாகிறது, ஐயா?

இவ்வகையில் பலரும் அறிந்த தொடக்க முயற்சி, 2017இல் வெளிவந்த பிக்ஸ்டுகோட் ஆய்வு; திரையின் படத்தைக் கொடுத்தால் அதற்குரிய நிரலை எழுதித் தரும். 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் ஜிபிடி-4 என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரி அறிமுகமானபோது, கையால் வரைந்த தாளின் படத்தைக் கொடுத்து, இயங்கும் இணையப் பக்கத்தை வாங்கிக் காட்டினார்கள். ஏராளமான பக்கங்களின் நிரலைப் படித்துப் பழகிய இம்மாதிரிகள், இரண்டு கட்டங்களும் அடியில் ஒரு பொத்தானும் இருந்தால் அது உள்நுழைவுத் திரை என்று ஊகித்து, இணையப் பக்கத்தை அமைக்கும் எச்டிஎம்எல் நிரலைத் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகின்றன. எழுதும் வேளையில் அத்திரை எப்படித் தெரியும் என்று அவை பார்ப்பதில்லை. (திரையைப் படமெடுத்துத் தாமே சரிபார்க்கும் கருவிகளும் இப்போது உண்டு.) அடுத்த கேள்விக்கு அதுவே பாதி விடை.

மீன் வியாபாரி, கடலூர் முதுநகர்: ஏலக் கணக்குக்கு ஒரு திரை செய்யச் சொன்னேன். ஆங்கிலத்தில் அழகாக வந்தது; தமிழுக்கு மாற்றியதும் பொத்தானில் 'சமர்ப்பிக்க...' என்று பாதியில் நிற்கிறது. 'கருப்பு வவ்வால்' என்று தட்டினால் 'கருப்பு வவ' என்பதோடு சரி.

பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டது. தமிழ் அதற்குள் அடங்கவில்லை. மீன் பெயரில் நிகழ்ந்தது வேறு. 'கருப்பு வவ்வால்' நமக்கு எட்டு எழுத்து. புள்ளியையும் உகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கோ, இடைவெளியையும் சேர்த்து 15 குறியீடுகள். அக்கட்டத்துக்கு 10 என்று வரம்பு வைத்திருப்பதால்தான் பெயர் அங்கே அறுபட்டது. ஆகவே, திரையைக் கேட்கும்போதே உங்கள் தமிழ்ச் சொற்களையும் மிக நீளமான மீன் பெயரையும் கொடுத்து, அகலத்தை நிலையாக வைக்க வேண்டாம், எழுத்து வரம்பைத் தளர்த்து, வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விடு என்று சொல்லுங்கள். சிக்னல் இல்லாதபோதும், ஏலம் தொடங்காமல் பட்டியல் வெறுமையாக இருக்கும்போதும் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதையும் கேளுங்கள். கேட்காவிட்டால் பெரும்பாலும் அதைச் செய்யாது. இன்னொன்று: துறைமுகத்தில் யாரும் எதையும் 'சமர்ப்பிப்பதில்லை'. 'பதிவு செய்' என்று போடுங்கள்.

துணிக்கடைக்காரர், நேரு வீதி: வாடிக்கையாளர் பட்டியலை அப்படியே கொடுத்துத் திரை கேட்கலாமா?

வேண்டாம். கற்பனைப் பெயர்களும் எண்களும் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, நெல்லிக்குப்பம்: இப்படி உருவாகும் திரைகளில் எழுத்து ஏன் இவ்வளவு மங்கலாக இருக்கிறது?

வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இன்றைய பாணி, அம்மா. இயந்திரமும் அதையே பின்பற்றுகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் பயன்படுத்தும்படி இணையப் பக்கங்களை அமைப்பதற்கான, டபிள்யுசிஏஜி எனப்படும் அணுகல்தன்மை நெறிகளின் இரண்டாம் நிலைப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். அந்த எண்ணையே சொல்லித் திருத்தக் கேட்கலாம். ஆனால் 'திருத்திவிட்டேன்' என்னும் பதிலை நம்பிவிடாமல், கைபேசியை நடுப்பகல் வெயிலில் பிடித்து நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.