வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நான் இணையத்தில் இல்லை. இணைய வசதியை எல்லாருக்கும் அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கட்டுரையை என் மகன் அச்செடுத்துக் கொடுத்தான். படித்ததும் எழுதத் தோன்றியது.

எனக்கு வயது 63. கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலைக்காலம் முழுக்கக் கணினியோடுதான் பிழைப்பு. அதனால் தெரியாமலோ பயந்தோ நான் ஒதுங்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு யோசித்துதான் ஸ்மார்ட்போனை விட்டேன். பேசுவதற்கு ஒரு பட்டன் போன் இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறேன், நிறையப் படிக்கிறேன். யாரையும் என் வழிக்கு அழைக்கவில்லை.

போன மாதம் கண் பரிசோதனைக்கு வழக்கமாகப் போகும் மருத்துவமனைக்குப் போனேன். "டோக்கன் இப்ப ஆப்லதான்மா" என்றார் வரவேற்பில் இருந்த பெண். என்னிடம் ஆப் இல்லை என்றேன். "வீட்ல சின்னவங்க யாராவது இருந்தா போடச் சொல்லுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனாலும் திரும்பி வரும்போது அவமானமாக இருந்தது. மகனிடம் சொன்னால், "இது உரிமை இல்லம்மா, பிடிவாதம்" என்கிறான்.

இணையத்தைப் பயன்படுத்துவது உரிமை என்றால், பயன்படுத்தாமல் இருப்பதும் உரிமைதானே? இன்னொரு கேள்வி. என் தங்கை மகளுக்குக் கல்லூரி முடியும்வரை இணையம் வேண்டாம் என்று அவள் அப்பா முடிவு செய்திருக்கிறார். எனக்கு அது சரியென்றே படுகிறது. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

(பெயர் வேண்டாம்.)

அன்புள்ள அம்மா,

அஞ்சலில் வந்த உங்கள் கடிதத்தைத் தட்டச்சு செய்து இங்கே வெளியிடுகிறேன். இந்தப் பதிலின் அச்சுப் பிரதி உங்கள் முகவரிக்குத் தனியாக வரும்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் ஆம். அது உரிமைதான். இரண்டாவது கேள்வியில் உங்களோடு நான் உடன்படவில்லை. இரண்டு பதில்களுக்கும் காரணம் ஒன்றே.

அந்தக் கட்டுரையில் நான் சொன்னது ஒரு பாதி. பின்லாந்து 2010 ஜூலையில் நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் சட்டபூர்வ உரிமையாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, பதிப்புரிமையை மீறித் திரும்பத் திரும்பப் பதிவிறக்கம் செய்பவர்களின் இணைப்பை நீதிமன்றத்துக்கே போகாமல் துண்டிக்கலாம் என்று பிரான்ஸில் ஒரு சட்டம் வந்தபோது, அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. இணையத்தை அணுகுவது கருத்துச் சுதந்திரத்தில் அடக்கம் என்பது அது சொன்ன காரணம். இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை அரசு இஷ்டம்போல் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் இந்த உரிமையின் உயிர். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டது. அங்கே 4ஜி திரும்பி வந்தது 2021 பிப்ரவரியில். இடையில், 2020 ஜனவரியில், காலவரையின்றி இணையத்தை நிறுத்தி வைப்பது சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இவ்வளவு காலம் இணையமே இல்லாமலோ வேகமில்லாத இணைப்போடோ இருந்த ஒரு மாணவரிடமோ வியாபாரியிடமோ போய், 'இணையம் இல்லாவிட்டால் நிம்மதி' என்று நீங்களும் நானும் பேச முடியாது. உங்களுக்கு அது நீங்கள் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்கு அது வேறு யாரோ எடுத்த முடிவு.

இங்கேதான் மறுபாதி வருகிறது. இணையத்தை மொத்தமாக நிறுத்தும் அரசு, எல்லாருக்குமாக 'வேண்டாம்' என்கிறது. எல்லாவற்றையும் ஆப்பில் மட்டும் வைக்கும் நிர்வாகம், எல்லாருக்குமாக 'வேண்டும்' என்கிறது. இரண்டு இடத்திலும் முடிவெடுக்க வேண்டிய ஆளைக் கேட்கவே இல்லை. 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் 20ஆவது பிரிவைப் பாருங்கள். சங்கம் சேரும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே, எந்தச் சங்கத்திலும் சேரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. சேரலாம் என்பதும் சேராமல் இருக்கலாம் என்பதும் சேர்ந்தால்தான் அது சுதந்திரம்.  

இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ட் செர்ஃப், 2012இல் இணைய அணுக்கம் மனித உரிமை அல்ல என்று எழுதினார். தொழில்நுட்பம் உரிமைக்கு வழி செய்யும், அதுவே உரிமை ஆகாது என்பது அவர் வாதம். ஒரு காலத்தில் குதிரை இல்லாமல் பிழைப்பு நடக்காது, ஆனாலும் அன்றைய உரிமை பிழைப்பதற்கே ஒழிய குதிரைக்கு அல்ல என்று உதாரணமும் சொன்னார். நான் அவரோடு பாதிதான் உடன்படுகிறேன். இன்று அந்த வழியை அடைத்தால் பல உரிமைகள் சேர்ந்து அடைபடுகின்றன. ஆனால் அவர் வாதத்தை உங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தால் நன்றாகவே பொருந்துகிறது. உங்களுக்கு வேண்டியது கண் பரிசோதனை, ஆப் அல்ல.

மகன் இதைப் பிடிவாதம் என்பது எதனால் என்று எனக்குப் புரிகிறது. 'முடியாதவர்களுக்கு' விலக்கு கொடுக்க எல்லாரும் தயார். பார்வை இல்லாதவர், முதியவர், கருவி வாங்க வசதி இல்லாதவர் என்று காரணம் சொன்னால் இரக்கப்படுவார்கள். முடிந்தும் வேண்டாம் என்கிற உங்களை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டென்மார்க்கில் 2014 நவம்பரில், 15 வயது நிறைந்தவர்களுக்கு அரசுக் கடிதங்களை மின்னணு அஞ்சல் பெட்டிக்கு மட்டும் அனுப்பும் விதி வந்தது. விலக்கு இருந்தது, ஆனால் உடற்குறைபாடு, வீட்டில் கணினி இல்லாமை, மொழிச் சிக்கல் என்று ஏதாவது காரணம் காட்டிக் கேட்க வேண்டியிருந்தது. 'எனக்கு விருப்பமில்லை' என்பது அங்கே காரணமாகவில்லை. இதை உரிமை என்று சொல்ல மாட்டேன், சலுகை என்றுதான் சொல்வேன். உரிமை என்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது.

சுவிட்சர்லாந்தின் ஜெனீவா மாநிலம் இதில் ஓரடி முன்னே போயிருக்கிறது. 2023 ஜூனில் அங்கே வாக்கெடுப்பு நடத்தி, டிஜிட்டல் உலகில் மனிதரைக் காக்கும் ஓர் உரிமையையும், அதன் பகுதியாக இணையத்துக்கு வெளியே வாழும் உரிமையையும் மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். வாக்களித்தவர்களில் 94 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இவ்வளவு பேரும் ஸ்மார்ட்போனை வைத்துவிட்டுப் போனவர்களாக இருக்க முடியாது. தினமும் இணையத்தில் இருப்பவர்களும் தேவைப்பட்டால் வெளியே வர ஒரு கதவு வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

'வீட்ல சின்னவங்க யாராவது' என்ற அந்த வாக்கியத்தை நான் சும்மா கடந்து போக விரும்பவில்லை. கேட்க உதவி மாதிரி இருக்கிறது. நடப்பதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். இன்னொருவர் போனில் உங்கள் பெயரில் கணக்குத் திறக்க வேண்டும். அவர் எண்ணுக்கு ஓடிபி வரும். அவர் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பார். உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அவர் திரையில் விழும். மகனாகவே இருக்கட்டும், எல்லா நோயையும் மகனிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? மகன் இல்லாதவர்கள் பக்கத்தில் நிற்பவரிடம் போனை நீட்டி, கடவுச்சொல்லையும் வாய்விட்டுச் சொல்கிறார்கள். அப்புறம் அந்த எண் மாறிவிட்டால் தன் பதிவுக்குள் தானே நுழைய முடியாமல் தவிக்கிறார்கள். நீங்கள் இணையத்துக்கு வரவில்லை என்பதால் உங்கள் விவரம் இணையத்துக்குப் போகாமல் இல்லை. வேறொருவர் கை வழியாகப் போகிறது, அவ்வளவுதான். வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்த ஒருவரைத் தன் சொந்தக் காரியத்துக்கு அடுத்தவர் கையை எதிர்பார்க்க வைப்பதில்தான் நீங்கள் சொல்லும் அவமானம் இருக்கிறது. உங்களுக்கு அப்படித் தோன்றியதில் மிகை எதுவும் இல்லை.

ஸ்பெயினில் கார்லோஸ் சான் ஹுவான் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர் 2022இல் இதே அவமானத்தைத்தான் சொன்னார். அப்போது அவருக்கு வயது 78. வங்கிகள் கவுன்ட்டர்களை மூடிக்கொண்டே போக, 'எனக்கு வயதாகிவிட்டது, ஆனால் நான் முட்டாள் இல்லை' என்ற முழக்கத்தோடு கையெழுத்து இயக்கம் தொடங்கினார். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. வங்கிகள் இறங்கி வந்து, கவுன்ட்டர் நேரத்தை நீட்டிப்பதாக ஒப்புக்கொண்டன. அந்தக் கையெழுத்துகள் இணையத்தில் திரட்டப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் இருப்பவர்கள் இல்லாதவர்களுக்காகச் செய்த காரியம் அது. எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

செலவாகுமே என்பார்கள். ஆகும்தான். ஆனால் கவுன்ட்டரை மூடியதால் மிச்சமானது என்று காட்டும் தொகையில் ஒரு பகுதி, முன்பு ஊழியர் செய்த வேலையை இப்போது நாம் நம் வீட்டில் உட்கார்ந்து சம்பளமில்லாமல் செய்வதால் வந்தது. தவிர, அந்தக் கவுன்ட்டர் உங்களுக்கு மட்டும் அல்ல. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான புதுப்பிப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதை எழுதத் தெரிந்த ஆளும் மேசையும் மிச்சம் இருந்ததும் அன்றைக்குப் பலர் பறக்க முடிந்ததற்கு ஒரு காரணம். போன் தொலைந்தவருக்கும், கணக்கு முடக்கப்பட்டவருக்கும், சார்ஜ் தீர்ந்தவருக்கும் அந்த மேசைதான் துணை.

இந்த உரிமைக்கு எல்லை உண்டு. இணையத்திலேயே பிறந்த ஒரு சேவை உங்களுக்காகக் கவுன்ட்டர் திறக்க வேண்டியதில்லை. கணினியில் செய்ய வேண்டிய வேலையில் சேர்ந்துகொண்டு, இணையம் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. மருத்துவமனை உங்கள் பதிவைக் கணினியில் வைப்பதையும் நீங்கள் தடுக்க முடியாது. நான் கேட்பது மருத்துவம், பணம், அடையாள ஆவணம், கல்வி, அரசு உதவி, பயணம் ஆகியவற்றுக்கு மட்டும். அங்கே இன்னொரு வழி இருக்க வேண்டும். கூடுதல் கட்டணமோ கூடுதல் காத்திருப்போ அதற்குத் தண்டனையாக வரக் கூடாது.

சரி, தங்கை மகள். கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போன் பயன்படுத்தக் கூடாது என்று விதி போட்டார்கள். மறுத்த மாணவியை விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணைய அணுக்கம் கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்த விதியை எழுதியவர்களும் பிள்ளைகளின் படிப்புக்காகத்தான் என்றார்கள். உங்கள் தங்கை கணவரும் அக்கறையில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. சிறு குழந்தை என்றால் பெற்றோர் முடிவெடுப்பதில் நியாயம் உண்டு. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த வாதம் செல்லாது. அவள் பாடக்குறிப்பு, தேர்வு விண்ணப்பம், வேலை அறிவிப்பு எல்லாம் அங்கே இருக்கின்றன. நீங்கள் அறுபது வயது தாண்டி, எல்லாம் பார்த்து, தெரிந்து, 'போதும்' என்றீர்கள். அவளுக்கு அதைப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. உங்களுக்காக உங்கள் மகன் 'வேண்டும்' என்று முடிவெடுப்பது தவறு என்றால், அவளுக்காக அவள் அப்பா 'வேண்டாம்' என்று முடிவெடுப்பதும் தவறு. நாளைக்கு அவளும் உங்களைப் போலவே போனை வைத்துவிடலாம். அதை அவளே செய்யட்டும்.

மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நிர்வாக அதிகாரிக்கு, பெயர் போட்டு, தேதி போட்டு. 'எனக்கு ஆப் பயன்படுத்தத் தெரியும், நான் பயன்படுத்துவதில்லை, நேரிலோ தொலைபேசியிலோ டோக்கன் பெற ஏற்பாடு செய்யுங்கள்' என்ற அளவுக்குப் போதும். காரணம் எதுவும் எழுத வேண்டாம், வயதைக்கூட. நகல் ஒன்றில் முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.